ஆறு தப்படி பின்னால்

ஆவரந்துறையில் ஓர் ஆள் பாதியாகிப் போனதற்கும், ஒரு பொம்பளை முழுசாகவே கண்ணுக்குத் தெரியாமல் போனதற்கும், அதற்குப் பிறகு அந்த ஊரில் தெரிகிற சனம், தெரியாத சனம் என்று இரண்டு வகை ஆனதற்கும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அம்மனுக்குக் கொடை நின்றுபோனதால் வந்த வினை என்பார்கள், செல்போன் கோபுரத்துக் கதிர் என்பார்கள். அதெல்லாம் சும்மா. லிங்கம் ஸ்டூடியோ லிங்கதுரை திருநெல்வேலிக்கு டிஜிட்டல் கேமரா வாங்கப் போன இடத்தில், லென்ஸ் வேண்டாம், பாடி மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு வந்தானே, அதுதான் காரணம்.

லிங்கதுரைக்கு ஒரு கீர்த்தி உண்டு. பத்தொன்பது வருஷமாக அந்தச் சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களில் குரூப் போட்டோ எடுத்தவன் அவன் ஒருத்தன்தான். மேடையில் நிற்கிறவர்களிடமிருந்து பன்னிரண்டு தப்படி எண்ணி நடப்பான், ஸ்டாண்டை ஊன்றுவான், கேமராவை மாட்டுவான், ஆனால் மற்றவர்களைப்போல அதன் துளையில் கண்ணை வைத்துக் குனிந்து கிடக்கமாட்டான். நிமிர்ந்து நின்று சனத்தைப் பார்ப்பான். "மிஷினப் பாத்து எவன்ல சிரிப்பான்? மனுசனப் பாத்தாத்தான் சிரிப்பு வரும்" என்பான். பன்னிரண்டு தப்படி, அவனுடைய முப்பத்தைந்து எம்.எம். லென்ஸ், மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு காது விடாமல் படத்தில் விழும். துளையில் கண் வைக்கிறவன் கத்துக்குட்டி என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே அது வேதவாக்காகிவிட்டது.

ஃபிலிம் ரோல் வருவது நின்று, கழுவிக் கொடுக்கிற லேபும் இழுத்து மூடின பிறகுதான் அவன் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினான். கடைக்காரன் பொறுமைசாலி, உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து விளக்கினான்.

"அண்ணாச்சி, ஃபிலிம் இருந்த இடத்துல இதுக்குள்ள ஒரு சில்லு இருக்கு. ஃபிலிமைவிடச் சின்னது. உங்க பழைய லென்ஸ் இதுல நல்லாவே மாட்டும். ஆனா அது கொண்டுவார படத்துல ஓரமெல்லாம் சில்லுக்கு வெளிய போயிரும். பன்னெண்டு பேரு நின்னா நடுவுல எட்டுப் பேருதான் விழுவாங்க. கூடவே ஒரு வைடு லென்ஸ் வாங்கிக்கிடுங்க. இல்லன்னா ஃபிலிம் அளவுக்கே சில்லு வச்ச பெரிய பாடி இருக்கு, அதுக்கு உங்க லென்ஸே போதும். என்ன, ஸ்டூடியோவ வித்துட்டு வரணும்."

"ரெண்டும் வேண்டாம் தம்பி" என்றான் லிங்கதுரை. "பத்தொம்பது வருசமா என் லென்ஸுக்குத் தப்பி ஒருத்தன் போனதில்ல. நீ பாடிய மட்டும் குடு."

"அப்ப பன்னெண்டு தப்படிய பதினெட்டாக்கிக்கிடுங்க அண்ணாச்சி. ஆறு தப்படி பின்னால போனா எல்லாரும் விழுந்துருவாங்க" என்று கடைக்காரன் வாசல்வரை வந்து சொன்னான். தொழில் கற்றுக்கொடுக்க வந்துட்டான் என்று நினைத்துக்கொண்டே லிங்கதுரை பஸ் ஏறினான்.

அந்த வாரம் ஆயுத பூஜை. அவன் மனைவி பொன்மாரி புதுக் கேமராவைப் பலகையில் வைத்து, எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று புரட்டிப் பார்த்து, நெற்றி மாதிரி அகலமாக இருந்தது பின்பக்கத்துத் திரைதான் என்பதால் அதில் மூன்று விரலால் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். சாமிக்கு வைத்ததைத் துடைக்கலாமா? அது அப்படியே காய்ந்து கெட்டியாகி நின்றது. எடுத்த படத்தை எடுத்த கையோடு பார்க்கலாம் என்பதற்காகத்தான் உலகமே டிஜிட்டலுக்கு மாறியது. லிங்கதுரையின் கேமராவில் பார்த்தால் சந்தனம்தான் தெரியும்.

முதல் கல்யாணம் பொன்மாரியின் அண்ணன் மகனுக்கு. தாலி கட்டி முடிந்ததும் குடும்பக் குரூப்புக்கு எல்லோரையும் மேடையில் ஏற்றினார்கள். குரூப் போட்டோவில் யார் எங்கே நிற்பது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை, ஆனால் இதுவரை ஒருத்தரும் இடம் மாறி நின்றதில்லை. நடுவில் பொண்ணு மாப்பிள்ளை, அதை ஒட்டி லாரியும் அரிசி மில்லும் வைத்திருக்கிற சொந்தம், அதை ஒட்டி அரசாங்க உத்தியோகம், அதற்கப்புறம் இவர்களால் என்றைக்காவது ஒரு உதவி வேண்டியிருக்கும் என்கிற சொந்தம், கடைக்கோடியில், "சரி, நீங்களும் வந்து நில்லுங்க" என்று கடைசி நிமிஷத்தில் கூப்பிடப்படுகிற சொந்தம். அன்றைக்கு வலது கோடியில் பொன்மாரிக்குச் சித்தப்பா முறையான வேல்மயில் நின்றார், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவர். இடது கோடியில் சொர்ணக்கிளி நின்றாள், லிங்கதுரையின் கூடப் பிறந்த அக்கா.

சொர்ணக்கிளியின் புருஷன் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பம்பாய்க்கு ரயில் ஏறினவன். செத்தான் என்று தகவலும் இல்லை, இருக்கிறேன் என்று ஒரு கடிதமும் இல்லை. அவளைச் சுமங்கலி என்று ஆரத்தி எடுக்கக் கூப்பிடுவதா, இல்லை என்று ஒதுக்குவதா என்று ஊரால் முடிவுக்கு வர முடியவில்லை. முடிவுக்கு வரும்வரை ஓரமாக நில்லு என்று கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து நிறுத்திவைத்தது, இருபத்திரண்டு வருஷமாக. தம்பி வீட்டில்தான் இருந்தாள். பொன்மாரி பிரசவத்துக்கப்புறம் ஆறு மாசம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பிள்ளை செல்வியை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். அதை எல்லோரும் சொல்வார்கள், அவள் இல்லாத இடத்தில்.

லிங்கதுரை பன்னிரண்டு தப்படி எண்ணினான், ஊன்றினான், நிமிர்ந்தான், "சிரிங்க" என்றான், அமுக்கினான்.

சாயங்காலம் மினி பஸ்ஸில் திரும்பும்போதுதான் வேல்மயில் சித்தப்பாவின் இடது பாதி இல்லை என்பதைக் கண்டக்டர் கவனித்தான். மூக்குத் தண்டிலிருந்து நேராக ஒரு கோடு போட்டதுபோல அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, பஸ் ஜன்னலும் வெளியே போகிற பனைமரமும்தான் தெரிந்தன. "காலையிலேருந்து ஒரு பக்கம் லேசாத்தான் இருந்துச்சு" என்றார் அவர். கையைத் தொட்டுப் பார்த்தால் கை இருந்தது, கிள்ளினால் வலித்தது, பார்த்தால்தான் இல்லை. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உடனே கிளம்பியது: பாதி ஆளுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா? ஐந்து கிலோமீட்டரும் அதே பேச்சு. கண் பார்க்கிற அளவுக்குத்தான் டிக்கெட் என்று சித்தப்பா வாதாட, கடைசியில் பஸ் முதலாளிக்கே போன் போட்டு அரை டிக்கெட் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பில் சித்தப்பாவுக்கு இருந்த சந்தோஷம் உடம்பு முழுசாக இருந்த காலத்தில் இருந்ததில்லை.

வீட்டில் பொன்மாரி தட்டில் தோசை வந்து விழுவதைப் பார்த்தாள். தோசைக்கரண்டி தெரிந்தது, பிடித்த கை தெரியவில்லை.

"மதினி, எங்க இருக்கிய?"

"அடுப்படியிலதான் இருக்கேன். வேற எங்க இருப்பேன்?" என்றது சொர்ணக்கிளியின் குரல்.

பொன்மாரி குரல் வந்த இடத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சட்னியைத் தொட்டு வாயில் வைத்தாள். "உப்பு பத்தல மதினி" என்றாள். அவ்வளவுதான் விசாரணை.

லிங்கதுரைதான் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தான். நடுவில் இருந்தவர்கள் ஈ என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். வலது ஓரத்தில் சித்தப்பாவின் பாதி, இடது ஓரத்தில் பன்னீர்ச் செம்பின் மூக்கு மட்டும், அக்கா இல்லை. கடைக்காரன் சொன்னது அப்படியே நடந்திருந்தது. அவன் சொல்லாதது ஒன்றும் கூடவே நடந்திருந்தது: படத்துக்கென்று வந்து நின்று, படத்தில் விழாதவர்கள் ஊர்க் கண்ணிலும் விழவில்லை. அக்காவை வரவழைத்துச் சுவரோரம் நிறுத்தித் தனியாக எடுத்துப் பார்த்தான், சுவர்தான் விழுந்தது. அப்புறம்தான் சந்தனத்தைச் சுரண்டினான்.

இது இப்படியே ஒரு குடும்பத்து ரகசியமாகப் போயிருக்கும், அரிசி மில் வீட்டுக் கல்யாணத்தில் பழக்கதோஷத்தால் அவன் மறுபடியும் பன்னிரண்டில் நிற்காமல் இருந்திருந்தால். அதில் மாப்பிள்ளையின் பாட்டனார், இரண்டு விதவைச் சித்திகள், அப்புறம் தவறிப்போய் மாமியார்க்காரியும் காணாமல் போனார்கள். மாமியாரின் இடுப்பில் பீரோச் சாவிக்கொத்து இருந்தது, சாவி இடுப்போடு மறைந்துவிட்டது. அன்றைக்கே மத்தியானத்துக்குள் மொத்தச் சொந்தத்தையும் மறுபடி மேடையேற்றி, லிங்கதுரையைப் பதினெட்டுத் தப்படி பின்னால் நிறுத்தி எடுக்கவைத்தார்கள். மாமியார் தெரிந்தாள், சாவியும் தெரிந்தது. குரூப்பில் மறைந்தவர் மறுபடி சொந்தக்காரர்களோடு குரூப்பில் விழுந்தால் திரும்பி வருவார் என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. பாட்டனாரும் சித்திகளும்? அவர்களை இரண்டாவது தடவை மேடையேறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

வைத்தியம் ஆறு தப்படிதான். காசில்லை, மருந்தில்லை, விரதமில்லை. ஆனால் ஆவரந்துறைக்காரர்கள் வியாதியைக் கண்டுபிடித்த வேகத்தில் அதன் சௌகரியத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். பாகம் கேட்டு நிற்கிற தங்கச்சி, வேறு சாதியில் கட்டிக்கொண்டு திரும்பி வந்த தம்பி, குடித்துவிட்டுப் பந்தியில் பாடுகிற மாமா, தங்கச்சியைப் பெண்பார்க்க வருகிற அன்றைக்கு வீட்டில் நிற்கிற கல்யாணமாகாத அக்கா, எல்லோருக்கும் அன்பாக ஒரு வார்த்தை: "வாங்க, குரூப் போட்டோவுல நில்லுங்க, அந்த ஓரமா." அப்படிக் கூப்பிட்டதில்லையே என்று அவர்களும் கண்கலங்கிப் போய் நின்றார்கள். கல்யாணப் பத்திரிகையோடு லிங்கதுரைக்கு ஒரு சீட்டும் வந்தது, யார் யார் ஓரம் என்று. கண்ணுக்குத் தெரியாத விதவை எதிரே வந்தால் சகுனம் பார்க்க வேண்டியதில்லை என்று பெரியவர்கள் கூடிச் சொன்னார்கள், இவ்வளவு பெரிய சீர்திருத்தம் எங்கள் ஊரில்தான் முதலில் வந்தது என்று மார்தட்டியும் கொண்டார்கள். தெருவில் முட்டி மோதாமல் இருக்க, தெரியாதவர்கள் இருமிக்கொண்டே நடக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் அதற்கு முன்னாலும் அப்படித்தான் நடந்தார்கள் என்பதால் தீர்மானம் சுலபமாக நிறைவேறியது.

ஒரு வம்பும் வந்தது. நடுவில் நிற்க அடிதடியாகிவிட்டது. ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் நெருக்கித் தள்ளியதில் மாப்பிள்ளையே ஓரத்துக்குப் போய்க் காணாமல் போனான். அந்தப் பொண்ணு இன்றுவரை புகார் கொடுக்கவில்லை.

லிங்கதுரை பெரிய ஆளாகிவிட்டான். அக்கம்பக்கத்து ஊர்ப் போட்டோக்காரர்கள் வந்து, என்ன பாடி, என்ன லென்ஸ், எத்தனை தப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். ஸ்டூடியோ வாசலில், "பன்னிரண்டு தப்படி – எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை" என்று போர்டு வைத்தான். யாரிடமாவது, வேண்டுமானால் பதினெட்டில் எடுக்கிறேன், எல்லோரும் விழுவார்கள் என்று அவன் சொல்லிப் பார்த்தால், "எல்லாரும் விழுந்து என்னத்துக்கு அண்ணாச்சி?" என்பார்கள். சரி, கேட்கிறதைக் கொடுப்பதுதானே தொழில் என்று அவனும் தன்னைத் தேற்றிக்கொண்டான். அக்காவுக்காக மச்சினன் வீட்டாரை இன்னொரு தடவை கூட்டிவிட இரண்டு முறை முயன்றான். ஒருத்தருக்கு லோடு ஏற்றும் வேலை, ஒருத்தருக்கு இடுப்பு வலி, பொன்மாரிக்கோ கேள்வியே புரியவில்லை. "மதினிக்கு இப்ப என்ன குறை? முன்னைக்கு நிம்மதியாத்தான் இருக்காக" என்றாள்.

அதில் பொய்யும் இல்லை. சொர்ணக்கிளி இரண்டு வருஷம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மணவறைக்குப் பக்கத்தில் நின்று தாலி கட்டுவதைக் கிட்டத்தில் பார்த்தாள், நாற்பது வயசுக்கு மேல் முதல் தடவையாக. கோயிலில் யாரும் வழிவிடாமலே கருவறை வாசல்வரை போனாள். எதிரே வந்தவர்கள் யாரும் முகத்தைத் திருப்பவில்லை, திருப்ப அங்கே ஒன்றும் தெரியவில்லை. அவளே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "தெரிஞ்சப்ப போக முடியாத இடத்துக்கெல்லாம் இப்பத்தாம்ல போறேன்."

செல்விக்குக் கல்யாணம் முடிவான அன்றைக்குத்தான் ஸ்டூடியோவில் நாற்காலி ஒன்று தானாக இழுபட்டு நகர்ந்தது. கூடவே ஒரு இருமல்.

"துரை" என்றாள் சொர்ணக்கிளி. "செல்வி கல்யாணத்துல மட்டும் நான் தெரியணும்ல."

லிங்கதுரை கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்து எங்கே பார்ப்பது?

"நாளைக்கு அவளுக்குப் பிள்ளை பொறக்கும். அதுக்கு ஆல்பத்தப் புரட்டிக் காட்டுவா. இதுதான் எங்க அத்தை, என்னைய வளத்தவன்னு கைய வச்சுக் காட்ட எடம் வேண்டாமா? வெறும் சுவரையா காட்டுவா? நான் வேற எதுவும் இதுவரை உங்கிட்ட கேக்கல."

கேட்கவில்லைதான். "தெரிவக்கா. என் பொறுப்பு" என்றான்.

மறுநாள் திருநெல்வேலிக் கடையில் போய் நின்றான். கடைக்காரன் அவனைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமலே அலமாரியைத் திறந்து வைடு லென்ஸை எடுத்து வைத்தான். "அன்னைக்கே சொன்னேன் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். அதில் பன்னிரண்டு தப்படியிலேயே மேடை முழுக்க விழும். லிங்கதுரை வாழ்க்கையில் முதல்முறையாகத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தான், கடைச் சுவரின் இரண்டு மூலையும் தெரிந்தன. இதை முதலிலேயே வாங்கித் தொலைத்திருக்கலாமே என்று நினைத்தபோது அவனுக்கே தன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது.

அவன் எதற்காகப் பன்னிரண்டை விடமுடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது அவன் மகள் கல்யாணம், குரூப்பில் பொண்ணுக்கு அப்பா நிற்காமல் எப்படி? செல்ப் டைமரை வைத்துவிட்டு ஓடித்தான் நிற்க வேண்டும். டைமர் பத்து விநாடி. அவனுக்கு வலது முழங்கால் தேய்ந்துபோனது, பன்னிரண்டு தப்படியும் மூன்று மேடைப்படியும் பத்து விநாடிக்குள் ஏறிவிடுவான், பதினெட்டு முடியாது. வேறு யாரையாவது அமுக்கச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து ஆவரந்துறையில் குரூப் போட்டோ நேரத்தில் மேடைக்குக் கீழே நிற்க ஒரு ஆள் கிடைக்கமாட்டான். சமையல்காரர், நாதஸ்வரக்காரர், மண்டப வாட்ச்மேன், வீடியோ எடுக்கிறவர் உட்படச் சகலரும் எதற்கும் இருக்கட்டும் என்று ஏறி நடுவில் இடம்பிடித்துவிடுவார்கள்.

சம்மந்தி தங்கப்பழம், மாப்பிள்ளையின் அப்பா, நிச்சயத்தன்றே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். நகை, பாத்திரம் எதிலும் அவர் வாயைத் திறக்கவில்லை, தங்கமான மனுஷன். "சம்மந்தி, குரூப் மட்டும் உங்க பழைய லென்ஸுல, பன்னெண்டு தப்படியில" என்றார். அவர் தம்பி பூர்வீகத் தோப்பு விஷயமாகக் கோர்ட்டுக்குப் போனவன். அவனுக்குத்தான் முதல் பத்திரிகை வைத்திருந்தார்.

கல்யாணத்தன்று தாலி கட்டியாகிவிட்டது. மேடையில் தள்ளுமுள்ளு ஓய்ந்து எல்லோரும் நின்றார்கள். லிங்கதுரை பன்னிரண்டு தப்படி எண்ணி ஸ்டாண்டை ஊன்றி, புது லென்ஸை மாட்டப் பையைத் திறந்தால் உள்ளே ஒரு தேங்காய் இருந்தது. உரித்த தேங்காய், லென்ஸ் கனத்துக்கே பார்த்துப் பொறுக்கினது.

பொன்மாரி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். வெள்ளந்தி, ஒளிக்கத் தெரியாது. "நான்தான் எடுத்து வச்சிருக்கேன். பந்தி முடிஞ்சதும் தாரேன்" என்றாள் காதோடு. "மதினிய நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இவ்வளவு நாளு தெரியாம இருந்துட்டு, தாலி ஏறின நேரத்துல பொசுக்குன்னு பொண்ணு பக்கத்துல வந்து தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? பிள்ளைக்கு ஆகாதுங்க. எம் பிள்ளைங்க அவ."

அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது, அதுவும் நிஜம்தான். திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.

லிங்கதுரை நிமிர்ந்து மேடையைப் பார்த்தான். நடுவில் செல்வி. அவள் யாரையும் பார்க்காமல் இடது கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடியில் ஆளுக்கு இடம்விட்டதுபோல ஒரு காலி, அந்தக் காலியில் நெஞ்சுயரத்தில் பன்னீர்ச் செம்பு ஒன்று அந்தரத்தில் நின்றது. தன் தம்பி சொன்ன சொல்லை நம்பி, சொர்ணக்கிளி செம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அந்தப் படத்தில் விழமாட்டாள் என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும், அவள் ஒருத்தியைத் தவிர.

அவன் ஸ்டாண்டைத் தூக்கினான். ஒன்று. இரண்டு.

"சம்மந்தி" என்றார் தங்கப்பழம் மேடையிலிருந்து. "பன்னெண்டு."

மூன்று. நான்கு. அவன் பின்பக்கமாகவே நடந்தான். யாராவது இறங்கி ஓடி வந்து ஸ்டாண்டைப் பிடுங்கியிருக்கலாம், ஆனால் இறங்கினவன் இடம் போய்விடும். நடுவில் நின்ற ஒருத்தரும் காலை அசைக்கவில்லை. ஐந்து. ஆறு. பந்தி மேசை முதுகில் இடித்தது. குனிந்து துளையில் கண்ணை வைத்தான், பன்னீர்ச் செம்பும் அதற்கப்புறம் ஒரு கை அகலமும் தெரிந்தன. "சிரிங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை. டைமரை அமுக்கிவிட்டு ஓடினான்.

வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லை. முழங்கால் நான்காவது தப்படியிலேயே கத்தியது. கேமராவில் சிவப்பு விளக்கு மினுங்குவதை மேடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள், முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. "அப்பா, மெதுவா" என்றாள் செல்வி. வாழ்க்கையெல்லாம் அவன் எல்லோரையும் அந்தப் பக்கமிருந்து பார்த்தவன், எல்லோரும் அவனையே பார்க்க அவன் அவர்களை நோக்கி ஓடினது அந்த ஒரு தடவைதான். மூன்றாவது படியில் கால் மடங்கியது. செம்பு இருந்த இடத்திலிருந்து ஒரு கை அவன் இடது கையைப் பிடித்து இழுத்தது. அவன் திரும்பி நிற்பதற்குள் கேமரா கிளிக் என்றது.

முதலில் தெரிந்தது அவளுடைய நரைதான். இரண்டு வருஷத்தில் சொர்ணக்கிளிக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது, யாரும் பார்க்கவில்லை. அரக்குச் சேலை, கையில் செம்பு, கன்னமெல்லாம் ஈரம். செல்வி மணமாலையோடு வரிசையைப் பிளந்துகொண்டு வந்து அத்தையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். தங்கப்பழத்தின் தம்பி தெரிந்தபடியே நின்றான். மறு கோடியில் வேல்மயில் சித்தப்பாவுக்கு இடது பாதி திரும்ப வந்திருந்தது, "அப்ப இனிமே முழு டிக்கெட்டா?" என்று அவர் ஒருத்தர்தான் வருத்தப்பட்டார். யாராலோ என்றைக்கோ ஓரத்தில் நிறுத்தப்பட்டு, இருமிக்கொண்டே கல்யாணத்துக்கு வந்து, மேடையின் இரண்டு பக்கமும் நெருக்கி நின்றிருந்த ரெண்டு வீட்டுச் சொந்தம் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் தெரிந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. பந்தியில்தான் இலை பத்தவில்லை.

லிங்கதுரை பாதிதான் விழுந்திருந்தான். அக்கா பிடித்து இழுத்த இடது பாதி படத்துக்குள் வந்துவிட்டது. தப்படி எண்ணின, பட்டனை அமுக்கின வலது பாதி வெளியிலேயே நின்றுவிட்டது. பொன்மாரி அவனைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் லென்ஸை எடுத்து வந்தாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள், இன்னொரு தடவை எடுத்துவிடலாம், எல்லோரும் நில்லுங்கள் என்று கெஞ்சினாள். தங்கப்பழம் வேட்டியை உதறிக்கொண்டு முதலில் இறங்கினார். ஒருத்தருக்கு லோடு ஏற்றும் வேலை, ஒருத்தருக்கு இடுப்பு வலி. மேடை ஐந்து நிமிஷத்தில் காலியாகிவிட்டது.

அதற்குப் பிறகு லிங்கம் ஸ்டூடியோவுக்குக் கல்யாண ஆர்டர் வரவில்லை. தெருமுனையில் வேறொருத்தன் புதுசாகப் போர்டு வைத்தான், பத்தே தப்படி என்று. சனம் அங்கே போனது. செல்வி மாமியார் வீட்டில் ஆல்பத்தைப் புரட்டி, இது எங்க அத்தை, பக்கத்துல பாதியா இருக்காரே அது எங்க அப்பா, ஓடி வந்தாரு என்று காட்டுகிறாளாம். இன்னொரு குரூப்புக்கு நாள் குறிப்போம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், பார்க்கிறபோதெல்லாம்.

ஒருநாள் முழங்காலைக் காட்ட அவனை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, சொர்ணக்கிளி மினி பஸ்ஸில் அவனுடைய வலது பக்கம் உட்கார்ந்தாள். எதிர் சீட்டுக்காரி அவளைப் பார்த்ததும் பழையபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சொர்ணக்கிளி அதைப் பார்த்தாள், திரும்பவில்லை, செம்பைப் பிடித்ததுபோல நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் வந்தான். அதே பையன்தான். அக்காவைப் பார்த்தான், லிங்கதுரையின் பாதியைப் பார்த்தான், பழைய தீர்ப்பு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

"ஒண்ணரைதானம்மா?"

"ரெண்டு குடு" என்றாள் சொர்ணக்கிளி.

"அவருக்கு அரைதாம்மா. முதலாளியே சொல்லிட்டாரு. அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லியே."

அவளுடைய கை மடியில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் கோத்திருந்தன, கோத்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இருக்குய்யா. நான் பிடிச்சிருக்கேன்ல" என்றாள். "ரெண்டு முழு டிக்கெட் குடு."